வேக வரம்பு, தண்டனைப் புள்ளி: கோயிலில் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போடுவதா?

கேட்பவர்: பைன்டவுன் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் பிறந்து, 2009இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனுக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. நீங்கள் எழுதுவதை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

பெரிய வெள்ளியன்று மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு எத்தனை பஸ் பிடிப்பது என்று பேச எங்கள் கோயிலில் போன ஞாயிற்றுக்கிழமை கூடினோம். பேசி முடித்து எழும்போது ஒருவர் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டார். ஆர்ட்டோ சட்டத்தின் (சாலை விதியை மீறினால் அபராதத்தோடு ஓட்டுநர் பெயரில் புள்ளியும் போடும் சட்டம்) தண்டனைப் புள்ளி முறை வேண்டாம், நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேக வரம்பைக் குறைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது என்று இரண்டு கோரிக்கை. ஏறக்குறைய எல்லோரும் போட்டுவிட்டார்கள். பேனா என் கைக்கு வந்தது. என்னால் போட முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பக்கத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் முடியவில்லை என்றால், எங்கள் வீட்டிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தின் அடிவாரம் நடந்து போகிற தூரம்தான். 2013 செப்டம்பர் 5, வியாழக்கிழமை சாயங்காலம். இறக்கத்தில் வந்த ஒரு பெரிய லாரி நிற்க முடியாமல், கீழே ரோபோட்டில் குறுக்கே போய்க்கொண்டிருந்த டாக்சிகளின் மேல் பாய்ந்தது. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: சிக்னலுக்கு இங்கே ரோபோட் என்று பெயர், டாக்சி என்றால் பதினைந்து பேர் ஏறும் வேன்.) 24 பேர் இறந்து போனார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். மறுநாள் காலையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனபோது அந்த முனையில் மணல் கொட்டியிருந்தது. எதற்கு மணல் என்று ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இன்றும் அந்த முனையை நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கடக்கிறேன்.

இவ்வளவு பார்த்தவள் கடுமையான சட்டத்துக்கு எதிராக எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஓட்டுவது நாலு டன் குளிர்சாதன லாரி. கோழியும் பாலும். விடியற்காலை நாலு மணிக்குப் பைன்டவுனில் இருந்து கிளம்பி, ஹோவிக், எஸ்ட்கோர்ட், பத்து மணிக்குள் லேடிஸ்மித். பத்து மணிக்குக் கடைக்காரர்கள் சரக்கு வாங்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் சரக்கு திரும்பி வரும், அந்த நஷ்டத்துக்கு இவர் பதில் சொல்ல வேண்டும். கிளம்புவது நாலு மணிக்கு என்று தாளில்தான் இருக்கிறது. குளிர்கிடங்கில் ஏற்றி முடிப்பதற்குள் ஐந்தே கால் ஆகிவிடும், சில நாள் ஐந்தரை. போன அந்த நேரத்தை என்3 சாலையில்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட லாரி என்றால் 80தான் உச்சம். இவருடைய வண்டி அதற்குக் கீழே, அதனால் காரைப் போல 120 வரை போகலாம். ஆனால் கேட்டோ ரிட்ஜில் இருந்து மாரிட்ஸ்பர்க் வரை சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, அங்கங்கே வரம்பைக் குறைத்துப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரே மாதத்தில் மூன்று முறை கேமராவில் விழுந்துவிட்டார். மூன்று அபராதத்தையும் கம்பெனி சம்பளத்தில் பிடித்துவிட்டது.

என் நெஞ்சை அறுப்பது பணம் இல்லை. வண்டியில் டிராக்கர் இருக்கிறது. எந்த நிமிடம் என்ன வேகம் என்று ஆபீஸில் திரையில் தெரியும். இவர் பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நின்றால் உடனே போன் வருகிறது, ஏன் நிற்கிறாய் என்று. 118இல் போகும்போது ஒரு நாளும் போன் வந்ததில்லை. எட்டு வருடத்தில் ஒரு முறைகூட.

புள்ளி முறை வந்தால் புள்ளி யார் பெயரில் விழும்? இவர் பெயரில். இத்தனை புள்ளி வரைதான் என்று வைத்திருக்கும் அளவுக்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம் என்கிறார்கள். மூன்றாவது முறை நிறுத்தம் வந்தால் லைசென்ஸே போய்விடும். 46 வயதில் வேறு என்ன வேலைக்குப் போவார்?

உங்களில் யாராவது இதை யோசித்திருந்தால் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

---

பதில்: ஜோபர்க் தம்பி

அக்கா, போடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இந்த ஆர்ட்டோவோடு 2008இல் இருந்து வாழ்கிறோம். சட்டம் வந்தது 1998இல். இங்கேயும் ச்வானேயிலும்தான் (பிரிட்டோரியா பகுதி) முதலில் சோதனையாகத் தொடங்கினார்கள், அதுவும் புள்ளி இல்லாமல், வெறும் அபராதம் மட்டும். 2019இல் திருத்தினார்கள். 2022 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2023 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லும் என்றது. 2025 டிசம்பர் 1 முதல் மற்ற ஊர்களுக்கும் வரும் என்றார்கள், அதை 2026 ஜூலை 1க்குத் தள்ளிவைத்தார்கள். இத்தனை வருடம் இழுக்கிற ஒரு முறையை ஒழுங்காக நடத்துவார்கள் என்று எப்படி நம்புவது?

எனக்கே நடந்தது. அபராதச் சீட்டு பதிவுத் தபாலில் வர வேண்டும். என் கைக்கு வரவே இல்லை. 32 நாளுக்குள் கட்டியிருந்தால் பாதிதான். எனக்குத் தெரியும்போது முழுத் தொகையும் அதன் மேல் கட்டணமும் ஏறியிருந்தது. இனி மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பலாம் என்று திருத்தத்தில் இருக்கிறது. பழைய எண்ணுக்குப் போய்விட்டால்? புள்ளி விழுந்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம் கூல்டிரிங்க் விவகாரம். சாலையில் நிறுத்தும் எல்லோரும் அப்படி இல்லை, நேர்மையானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 'ரொம்ப வெயில், கூல்டிரிங்குக்கு ஏதாவது' என்று என்னிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். இப்போது அபராதத்துக்குப் பயந்து கொடுப்பவன், நாளை லைசென்ஸ் போய்விடுமே என்று பயந்து இன்னும் அதிகம் கொடுப்பான். தண்டனை ஏற ஏற அந்த விலையும் ஏறும். இதற்கு வழி செய்யாமல் புள்ளி கொண்டுவந்தால் உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்கள்தான் மாட்டுவார்கள்.

ஒன்று மட்டும் உடனே கேளுங்கள்: அபராதத்தைச் சம்பளத்தில் பிடிக்க அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தாரா? தொழிலாளர் அடிப்படை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவைப் பாருங்கள். முதலாளி நினைத்தபடி பிடிக்க முடியாது.

---

பதில்: சாட்ஸ்வொர்த் தாத்தா

மகளே, நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வருடம் படித்த எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் நாற்பது வருடம் பஸ் ஓட்டினேன். நம் ஆட்கள் சொந்தமாக பஸ் வைத்திருந்த காலம். மாமா ஒருவரின் பஸ்ஸில் சாட்ஸ்வொர்த்தில் இருந்து டவுன் மார்க்கெட் வரை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அரசாங்கம் வேக வரம்பை 80க்கு இறக்கியது. பெரிய சாலையிலும் 80தான். வாரக் கடைசியில் பெட்ரோல் பங்கை மூடிவிடுவார்கள். அப்போதும் இப்படித்தான் பேசினார்கள்: வியாபாரம் படுத்துவிடும், வேலை போய்விடும் என்று. எதுவும் படுக்கவில்லை. அரை மணி முன்னால் எழுந்தோம், அவ்வளவுதான். நான் ஓடிய தடத்தில் வண்டிகள் மோதிக் கிடப்பது குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 120க்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு எண்ணெயை மிச்சம் பிடிக்கக் குறைத்தார்கள். மனிதனுக்காகக் குறைக்கச் சொன்னால் மட்டும் ஏன் இத்தனை கோபம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஜோபர்க் தம்பி சொன்ன லஞ்சம் நிஜம்தான். அதற்காகச் சட்டமே வேண்டாம் என்றால், லஞ்சம் வாங்குபவனுக்கும் அது சௌகரியம்தானே?

ஆனால் உன் புருஷன் கதையைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் காலத்தில் டைம்டேபிள் போடும் மாமாவும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வருவார். கண்டக்டர் பக்கத்தில், முன் சீட்டில். அவர் போட்ட நேரத்தில் போக முடியாது என்று அவருக்கே தெரியும். நேரத்தை மாற்றுவார். இப்போது நேரம் போடுகிறவர் வண்டியில் இல்லை.

கையெழுத்துப் போடாதே.

---

பதில்: இரவு ஷிஃப்ட்

நான் அவசரப் பிரிவில் செவிலியர். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு விஷயம் சொல்ல வருகிறேன்.

எல்லோரும் 120ஐப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த நாட்டில் ஆண்டுக்கு 11,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் பத்தில் நாலு பேர் அளவுக்கு நடந்து போனவர்கள். வெள்ளிக்கிழமை இரவு என்னிடம் வருகிறவர்கள் வேகமாக ஓட்டியவர்கள் மட்டும் இல்லை. சாலையைக் குறுக்கே கடந்தவர்கள். செருப்பு ஒன்றுதான் இருக்கும், மற்றது சாலையில் கிடக்கும். கையில் கடைப் பை. கூட வர ஆள் இல்லாமல், பெயர் தெரியாமல் காலை வரை கிடப்பவர்கள் உண்டு.

ஊருக்குள் 60 என்பதுதான் என் கவலை. 30இல் மோதினால் பெரும்பாலும் பிழைக்கிறார்கள், எலும்பு முறியும், அவ்வளவுதான். 60இல் மோதியவரை நான் அதிகம் வீட்டுக்கு அனுப்பியதில்லை. 2015 மே மாதம் போக்குவரத்துத் துறை ஒரு வரைவு வெளியிட்டது: ஊருக்குள் 60ஐ 40 ஆக்கலாம், வெளிச் சாலையில் 100ஐ 80 ஆக்கலாம், குடியிருப்பு நடுவே போகும் நெடுஞ்சாலையில் 120ஐ 100 ஆக்கலாம் என்று. எத்தனை எதிர்ப்பு! அதோடு நின்றுவிட்டது. அந்த 40 மட்டுமாவது வந்திருந்தால் என்று நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைக்கிறேன்.

குடிப்பதைப் பற்றியும் ஒரு வரி. 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராமுக்குக் கீழே இருந்தால் குற்றம் இல்லை, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. 'வரம்புக்குள்தான் குடித்தேன்' என்று சொல்லிக்கொண்டே தையல் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூஜ்யமாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அந்த மனுவில் நடப்பவர்களுக்காக ஒரு வரி இருக்கிறதா, அக்கா? இல்லையென்றால் போடாதீர்கள்.

---

பதில்: மூன்று லாரி வைத்திருப்பவன்

தங்கச்சி, நீ எழுதியதில் பாதி என் தொழிலைப் பற்றியது. அதனால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். மாரிட்ஸ்பர்க்கில் மூன்று லாரி வைத்து ஓட்டுகிறேன்.

முதலில் கணக்கு. டர்பனில் இருந்து மாரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர். 120இல் போனால் 40 நிமிடம், 100இல் போனால் 48. எட்டு நிமிடம்தான் வித்தியாசம். மோதும் வேகத்தின் சக்தியோ 44 சதவீதம் அதிகம், ஏனென்றால் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கண்ணில் பட்டதும் பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி என்று வைத்தால், அதற்குள் 120இல் 33 மீட்டர் போய்விடுவோம். டவுன் ஹில்லில் பனி மூடும்போது முன்னால் 33 மீட்டர் தெரிவதே பெரிது. ஹில்டனில் இருந்து அந்த இறக்கத்தில் வருகிற எவரையும் கேட்டுப் பார்.

ஆனால் உன் வீட்டுக்காரருக்குப் போனது எட்டு நிமிடம் இல்லை, கிடங்கில் ஒன்றே கால் மணி நேரம். அதை எந்த வேகத்திலும் பிடிக்க முடியாது. வரம்பை 100 ஆக்கினாலும் 140 ஆக்கினாலும் அவர் பாடு அதேதான்.

கேமராவில் விழுந்தால் கம்பெனிதான் யார் ஓட்டினார் என்று பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் புள்ளி ஓட்டியவர் கணக்கில் போய் உட்காரும். கொடுக்காவிட்டால் கம்பெனி மாட்டும். அதனால் எல்லோரும் கொடுப்பார்கள், நானும் கொடுப்பேன். அதில் தப்பில்லை, ஓட்டியவர் ஓட்டியவர்தான். ஆனால் அந்த நேரத்தில் கிளம்பச் சொன்னவர் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இங்கேதான் ஒன்று கவனி. அதிகச் சுமை விஷயத்தில் சட்டம் இதைச் செய்துவிட்டது. முன்பு அதிகம் ஏற்றினால் ஓட்டுநரும் லாரிக்காரரும்தான் மாட்டுவார்கள். 2015இல் இருந்து சரக்கை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் பொறுப்பு. மாதத்துக்கு ஐந்து லட்சம் கிலோவுக்கு மேல் அனுப்புகிறவர் எடையை அளக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். வந்தபோது நான் புலம்பினேன். ஆனால் அப்புறம்தான் ஆலைக்காரர்கள் 'இன்னும் நாலு மூட்டை ஏற்று' என்று சொல்வதை விட்டார்கள். எடைக்கு முடிந்தது நேரத்துக்கும் முடியும். ஏற்றி முடித்த நேரம், கதவு சாத்தும் நேரம், நடுவே உள்ள தூரம். மூன்றும் தாளில் இருந்தால் போதும், இந்த ஓட்டம் வரம்புக்குள் முடியுமா முடியாதா என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முடியாத ஓட்டத்தைப் போட்டவருக்கும் புள்ளி விழட்டும்.

இப்போதைக்கு உன் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: தினமும் ஏற்றி முடித்த நேரத்தை டெலிவரி நோட்டில் எழுதி, கிடங்கு ஆளிடம் கையெழுத்து வாங்கட்டும். 'எங்கே இருக்கிறாய், சீக்கிரம்' என்று வரும் வாட்ஸாப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். அதிகாரியிடம் விளக்கம் கொடுக்கும் நாள் வந்தால் கையில் தாள் இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் வைத்த பலகையும் சட்டப் பலகைதான், அங்கே மட்டும் எந்த அவசரத்திலும் மீற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கூம்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

---

பதில்: பைன்டவுன் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். தாத்தா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மாமா பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்காருவதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தன் அப்பாவும் அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என்றார். பதினேழு வருடமாக எனக்குத் தெரியாத செய்தி.

ஜோபர்க் தம்பி, சம்பளத்தில் பிடிக்க அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லையாம். 34ஆம் பிரிவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இந்த மாதச் சம்பளம் வரட்டும், அப்புறம் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் சொன்ன தபால் பிரச்சினைக்காக அவருடைய போன் எண்ணையும் முகவரியையும் லைசென்ஸ் அலுவலகத்தில் சரிபார்க்கச் சொல்லிவிட்டேன்.

இரவு ஷிஃப்ட் சகோதரி, மனுவை மறுபடி வாங்கிப் பார்த்தேன். நடப்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள்.

மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் மனமில்லை. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, மகளை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். மூன்று கோரிக்கைதான். ஊருக்குள் 40. குடித்தால் ஓட்டக் கூடாது, அளவே வேண்டாம். புள்ளி முறை வரட்டும், ஆனால் நேரம் போட்டவர் பெயரும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும், எடைக்கு இருப்பது போல. லாரிக்கார அண்ணா, மூன்றாவது உங்கள் யோசனை. உங்கள் கையெழுத்து முதலில் வேண்டும். முதலாளி ஒருவர் போட்டால் அதன் எடையே வேறு. தீமிதி அன்று மாரிட்ஸ்பர்க் வருகிறேன், கோயில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் நிற்பேன். வர முடியுமா?

இன்று காலை அவர் டெலிவரி நோட்டில் 5:20 என்று எழுதி, கிடங்குப் பையனிடம் கையெழுத்து கேட்டிருக்கிறார். அவன் தயங்கிவிட்டுப் போட்டானாம். லேடிஸ்மித்துக்குப் பத்தே கால் ஆகிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. எஸ்ட்கோர்ட் தாண்டி எங்கேயும் நூறைத் தொடவில்லை என்று போனில் சொன்னார். சரக்கோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறார். ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.